அடுத்த பிறந்தநாள் யாருக்கு

எங்கள் கேட் தூணில் யாரோ சாக்பீஸால் ஒரு எண்ணை எழுதி, அதைச் சுற்றி வட்டமும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் வாசல் தெளிக்க வந்தபோதுதான் பார்த்தேன். இடப்பக்கத்து வீட்டுத் தூணில் எதுவும் இல்லை. வலப்பக்கத்திலும் இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு எதிர் வரிசையை நோட்டம் விட்டேன். அங்கேயும் இல்லை. கணபதியில் எங்கள் வீதிக்கு எத்தனையோ பேர் வந்து எதையாவது கிறுக்கிவிட்டுப் போவார்கள். கொசு மருந்து அடிப்பவர்கள், குழாய் தோண்டுபவர்கள், ஓட்டுக்குக் கணக்கெடுப்பவர்கள். அவர்கள் எழுதினால் எல்லா வீட்டிலும் எழுதுவார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வட்டம் போட்டால் என்ன அர்த்தம்? விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு என் புத்திக்கு அப்படித்தான் எட்டியது. ஈரத்துணி கொண்டுவந்து அழுத்தி அழுத்தித் துடைத்தேன். சொரசொரப்பான சிமெண்டுத் தூண். எண் அழிந்தது, வெள்ளைத் தடம் மட்டும் போகவில்லை.

விஷயம் என்னவென்றால், என் வீட்டுக்காரர்.

அவருக்கு லேத் பட்டறை. பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கடைவார். வைகாசியில் ஒரு நாள் காலை, குளித்துத் திருநீறு பூசி, சாப்பாட்டுப் பையை வண்டியில் மாட்டி உட்கார்ந்தவர், வண்டியைக் கிளப்பவே இல்லை. நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அப்படியே இருக்கிறார். சாவி கையில் இருக்கிறது. கண் எதிர்ச் சுவரில் இருக்கிறது.

“ஏனுங்க, பெட்ரோல் இல்லீங்களா?” என்றேன்.

கேள்வி அவரிடம் போய்ச் சேர நேரமாயிற்று. “இருக்குது,” என்றார். இறங்கினார். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் பட்டறைக்குப் போகவில்லை.

கடன் இல்லை. குடிப்பழக்கம் இல்லை. அண்ணன் தம்பிக்குள் வம்பு இல்லை, பட்டறையை அவர் தம்பிதான் அன்றிலிருந்து பார்த்துக்கொள்கிறார். மகளைக் கோபியில் நல்ல இடத்தில் கொடுத்திருக்கிறோம். ஏதாவது ஒரு காரணம் கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருந்திருப்பேன். ரத்தம், சர்க்கரை, தைராய்டு, நெஞ்சுப்படம் எல்லாம் எடுத்தோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “எல்லாமே நார்மல்ங்க, சும்மா வெளிய வாசல்ல போயிட்டு வரச் சொல்லுங்க,” என்று சிரித்தார். அந்த நார்மல் என்கிற வார்த்தையைப் போல என்னைப் பயமுறுத்திய வார்த்தை வேறு இல்லை. நோய் இருக்கிறது என்றால் மருந்து இருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் நான் யாரிடம் போவது?

கொடுத்தால் சாப்பிடுவார். கூப்பிட்டால் “ம்” என்பார். தூங்குகிற மாதிரி படுத்திருப்பார், தூங்க மாட்டார். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவரைப் போன்ற குரலில் சொன்னார். “நான் இல்லீன்னா உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.”

நான் காதில் விழாததுபோல ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். விரல் தவறிச் சேனல் மாறிப்போய் ஏதோ ஒரு சமையல் நிகழ்ச்சி வந்தது. இருவரும் உட்கார்ந்து அதைப் பார்த்தோம்.

மறுநாளே அருவாமனை, கத்திகள், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டு எதிர் வீட்டு அக்காவிடம் கொண்டுபோனேன். “சமையல்கட்டுக்குப் பெயின்ட் அடிக்கறோமுங்கக்கா, சித்த நாளைக்கு இதை இங்க வெச்சிருங்க,” என்றேன். “அதுக்கென்னுங்க, வெச்சுட்டுப் போங்க,” என்றார் அவர். பெயின்டர் யாரும் வரவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து காலையில் காய்கறியைப் பையில் போட்டுக்கொண்டு வீதியைக் கடந்து போவேன். அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கி, தேங்காய் துருவி, பாத்திரத்தில் போட்டுத் தட்டால் மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்புவேன். குளியலறைத் தாழ்ப்பாளையும் நானே கழற்றினேன். துருப்பிடித்துவிட்டது என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டேன். வீட்டில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. என் வீட்டுக்காரர் குளிக்கப் போனால் தண்ணீர் விழுகிற சத்தம் நிற்காமல் கேட்க வேண்டும். கொஞ்சம் நின்றாலும் “துண்டு வேணுமுங்களா?” என்று கூப்பிடுவேன். அவர் “ம்” என்று சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது. இப்படி ஒரு மனுஷி எத்தனை முறை துண்டு கொடுப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காதா? அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

எங்கள் பக்கத்து மரியாதை ஊரறிந்தது. வாயைத் திறந்தால் ‘ங்க’ போடாமல் மூட மாட்டோம். வழியில் பார்த்தால் “வீட்டுக்காரர் எப்படி இருக்காருங்க?” என்று எல்லோரும் கேட்பார்கள். “நல்லா இருக்காருங்க,” என்பேன். “சரிங்க, வாரேனுங்க,” என்று போய்விடுவார்கள். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவளுக்கும் தப்பித்த நிம்மதி. இந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே புதைந்தே போகலாம், வீதியில் யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது அந்த மரியாதையின் மேல் ஆத்திரம்கூட வந்தது. ஆனால் யாராவது மரியாதையை விட்டுவிட்டு உண்மையாகக் கேட்டிருந்தால் அவர்களைத்தான் முதலில் கடித்திருப்பேன்.

தூணில் எழுதியவர்கள் ஐப்பசி மழையில் வந்தார்கள். வந்தார்கள் என்ன, ஒரே ஒரு பெண். என் மகளைவிடச் சின்னவள். குடை, கழுத்தில் அடையாள அட்டை, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு டேப்லெட். கேட்டுக்கு வெளியே நின்று அழிந்துபோன எண்ணைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். மழை அழித்துவிட்டது என்று நினைத்திருப்பாள் போல.

“ஏனுங்கம்மா, உள்ள வரலாமுங்களா? நாங்க மெடிக்கல் காலேஜுல இருந்து வாரோமுங்க. கோயமுத்தூர்ல இருக்கற பெரியவங்கள்ல எத்தனை பேருத்துக்கு மனசு சரியில்லாம இருக்குது, பயம், பதட்டம், தூக்கம் வராதது, எதுலயும் நாட்டமில்லாம போறது, இதெல்லாம் எவ்வளவு பேருக்கு இருக்குதுன்னு கணக்கெடுக்கறோமுங்க.”

கேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க ஊட்டை ஆரு சொன்னாங்க?”

“ஆரும் சொல்லலீங்கம்மா. கம்ப்யூட்டர்ல குலுக்கிப் போட்டதுல உங்க ஊடு வந்திருக்குதுங்க.”

“அப்ப பக்கத்து ஊட்ல போயிக் கேளுங்க கண்ணு. அவங்க படிச்சவங்க, நல்லா வெவரமாச் சொல்லுவாங்க.”

“அப்படி மாத்தக் கூடாதுங்கம்மா. வேண்டாங்கற ஊட்டையெல்லாம் உட்டுட்டு, வாங்கன்னு சொல்ற ஊட்டுக்கே போயிட்டிருந்தோம்னா, கடைசில நல்லா இருக்கறவங்க மட்டுந்தான் கணக்குல வருவாங்க. ஊரே சௌக்கியமா இருக்குதுன்னு எழுதிப்போட வேண்டியதுதானுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பொய்க் கணக்கைத்தானே வீதியில் போகிற வருகிறவர்களிடம் நான் மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவளை உள்ளே விட்டது அதற்காக இல்லை. அட்டை மாட்டிய ஒரு பெண் மழையில் எங்கள் கேட்டில் நின்று பேசுவதை எத்தனை சன்னல்கள் பார்க்கின்றனவோ என்கிற பயம்தான். வெளியே நிற்பதைவிட உள்ளே வந்தால் சொந்தபந்தம், ஒறம்பரை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஹாலில் உட்காரவைத்தேன். அவர் பக்கத்து அறையில் படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது, குறுக்கே ஒரு திரைச்சீலை மட்டும். “உள்ள என்ற ஊட்டுக்காரரு. தூங்கறாருங்க,” என்றேன். யார் வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டே பேர். ஒரு வீட்டில் ஒருவரைத்தான் கேட்பார்களாம். அந்த ஒருவர் யார் என்பதையும் அவர்கள் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாதாம், நாம் இஷ்டப்பட்டும் முன்னால் வரக் கூடாதாம். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்.

“உங்க ரெண்டு பேர்ல அடுத்த பொறந்தநாளு ஆருக்குங்கம்மா வருது?”

பீரோவிலிருந்து ஆதார் அட்டைகளை எடுத்துவந்து கொடுத்தேன். எனக்கு மார்ச். அவருக்கு மே. “அப்ப நீங்கதானுங்கம்மா,” என்றாள். என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விலகிப்போன மாதிரி இருந்தது. அவரை யாரும் எழுப்ப வேண்டாம். அவரிடம் யாரும் எதையும் கேட்க வேண்டாம். என்னை என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும், எனக்கு என்ன கேடு!

பேர் எழுத மாட்டார்கள், எண் மட்டும்தான், பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னாள். “அந்தக் கதவை மட்டும் சாத்திக்கலாமுங்களா?” என்றாள். நான் எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டு வந்தேன். கதவைத் தொடவில்லை.

போன இரண்டு வாரத்தில் இப்படி இருந்ததா, அப்படி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் நாலு பதில் உண்டு. இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், அநேகமாகத் தினமும். நான் வகுப்பில் முந்திக்கொண்டு கை தூக்குகிற பிள்ளையைப் போல “இல்லீங்க, இல்லீங்க,” என்று சொல்லிக்கொண்டே போனேன். வேலையில் நாட்டம்? நல்லா இருக்குதுங்க. தூக்கம்? படுத்தாத் தெரியாதுங்க. பசி? அதுக்கென்னுங்க.

“ஏதோ கெட்டது நடந்துருமோன்னு பயமா இருக்குதுங்களா?”

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

“அது ஆருக்குத்தான் கண்ணு இல்லாம இருக்கும்?” என்று சமாளித்தேன்.

“உங்களுக்கு எப்படீங்கம்மா?” அந்த நாலு பதிலையும் மறுபடி நிதானமாகப் படித்தாள். மழைச் சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாது என்பதுபோல என் முகத்தைப் பார்த்துப் படித்தாள். இந்தப் பயத்தை நான் ஒரு வேலை என்று நினைத்திருந்தேன். பால் காய்ச்சுவது, துணி துவைப்பது மாதிரி, அவரைக் காவல் காக்கிற வேலை. அதைப் பற்றி யாரோ எங்கேயோ உட்கார்ந்து ஒரு கேள்வி எழுதிவைத்திருக்கிறார்கள், பதில்களையும் எழுதிவைத்திருக்கிறார்கள் என்றால், வேறு வீடுகளிலும் யாரோ குளியலறைக்கு வெளியே துண்டோடு நிற்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

“நெதமும்,” என்றேன். அவள் விரல் டேப்லெட்டைத் தொட்டது. “தூக்கத்தையும் மாத்திப் போடுங்க. முன்ன சொன்னது பொய்யி. அந்தப் பசியையுந்தான்.”

அவள் முந்தைய கேள்விகளுக்குத் திரும்பிப் போய் ஒவ்வொன்றாக மாற்றினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அடுத்தது கொஞ்சஞ் சங்கடமான கேள்வீங்கம்மா. ஆனா எல்லாருத்துகிட்டயும் கேக்கறதுதான். செத்துப்போயிட்டாப் பரவாயில்லைன்னு...”

நான் டேப்லெட்டோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துவிட்டேன். அந்த வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் நான் நுழையவிட்டதே இல்லை. இழவுச் செய்தி வந்தால்கூட வெளியே போய்த்தான் போனில் பேசுவேன். செய்தித்தாளில் அந்த மாதிரி ஏதாவது வந்திருந்தால் அவர் கண்ணில் படுவதற்குள் மடித்து ஒளித்துவிடுவேன்.

“வேண்டாங் கண்ணு, கேக்காதீங்க,” என்றேன், தணிந்த குரலில். “உள்ள அவரு இருக்காரு. அவரு நல்லா இல்லீங்க. இந்தப் பேச்சு காதுல உழுந்தா, சும்மா இருக்கற மனுசனுக்கு நாமளே நெனப்பூட்டிவிட்ட மாதிரி ஆயிப்போயிரும்.”

அவர் நல்லா இல்லை. முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன், யாரோ ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம்.

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “எங்களுக்குத் தொண்டாமுத்தூருக்கு அக்கட்ட தோட்டமுங்கம்மா,” என்றாள். “யானை வரும். யானையப் பத்திப் பேசுனா யானை வந்துராதுங்க. அது வாரப்பத்தான் வரும். பேசி வெச்சுக்கிட்டா, பக்கத்துத் தோட்டத்துக்காரங்களாவது டார்ச்சு எடுத்துட்டு ஓடியாருவாங்க.”

“உங்க யானைக்கு நீங்க பேசறது புரியாது கண்ணு. இவருக்குப் புரியுமே!”

கோபமாகத்தான் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்தும்விட்டது. அப்போதுதான் திரை அசைந்தது.

அவர் நின்றுகொண்டிருந்தார். வாரக்கணக்கில் வளர்ந்த தாடி. வேட்டியை ஒரு கையால் பிடித்திருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. எல்லாம் முடிந்தது, நான் இத்தனை நாள் பொத்திப்பொத்தி வைத்ததை ஒரே வார்த்தையில் இந்தப் பெண் கொட்டிக் கவிழ்த்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார்.

“அந்த மே மாசம் பள்ளிக்கோடத்துல எழுதுனதுங்க.”

எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

“சேத்தறப்ப வயசு பத்தோணும்னு வாத்தியாரே எழுதிப்போட்ட தேதிங்க அது. நான் பொறந்தது கார்த்திகைல. தீபத்துக்கு மறுநாளு. எங்கம்மா சொல்லும்.” பட்டறைக்கு வந்தவரிடம் அளவு சொல்வதைப்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “அப்ப அடுத்தது எனக்குத்தானுங்களே வருது? என்னையத்தான கேக்கோணும்?”

அவர் சொன்னது உண்மைதான். பல்லடத்துக்குப் பக்கத்தில் அவர் படித்த பள்ளியில் அவர் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில்தான் பிறந்திருப்பார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது சரியாக வர வேண்டும் என்று வாத்தியார் ஒரே மூச்சில் எழுதியது. ரேஷன் கார்டு, லைசென்ஸ், ஆதார் எல்லாவற்றிலும் அதுவே ஏறிவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், என் தேதி நிஜம். அவருடைய கார்த்திகையை அரசாங்கத்தில் யாரும் கேட்டதில்லை. தீபத்துக்கு மறுநாள் நான் கொஞ்சம் பாயசம் வைப்பதோடு சரி. அட்டையை எடுத்து நீட்டியபோது அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஆனால் படுத்திருந்த அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பிறந்தநாளைப் பற்றிக் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வைகாசிக்குப் பிறகு அவர் சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. அதையும் என்னிடம் பேசவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள், பயத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தப் பெண் யாருக்கோ போன் செய்தாள். வராண்டாவில் போய் நின்று தணிந்து பேசிவிட்டு வந்தாள். “ஐயா சொல்றதுதான் சரிங்கம்மா. நெசமான தேதி தெரிஞ்சா அதைத்தான் எடுத்துக்கோணும். ஐயாவைத்தான் கேக்கோணுமுங்க.” என் பக்கம் திரும்பினாள். “நீங்க வெளிய இருக்கோணுமுங்களே...”

“அவரைத் தனியா உட்டுட்டா?”

“தனியா இல்லீங்கம்மா. நான் இருக்கறேனில்லீங்களா?”

அவரைப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முறை வந்துவிட்டவரைப்போலக் காத்திருந்தார். நான் வெளியே வந்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், இது எத்தனை மாதத்துக்குப் பிறகு!

நேரம் பார்த்து அன்றைக்குத்தான் சிறுவாணித் தண்ணீர் விட்டிருந்தார்கள். குழாயில் காற்று சீறி, டிரம்மில் தண்ணீர் தடதடவென்று விழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. குழாயை மூடினேன். நல்ல தண்ணீர் வருகிற நாளில் குழாயை மூடிய ஒரே பைத்தியக்காரி கோயமுத்தூரிலேயே நான்தான். அப்போதும் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அவர் என்ன சொல்வார்? ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும்? கூட்டிக்கொண்டு போய்விடுவார்களா? கட்டிப்போடுவார்களா? இல்லை என்று சொல்லிவிட்டால்? அது அதைவிடப் பயமாக இருந்தது. இல்லை என்றால் இந்தப் பெண்ணும் டேப்லெட்டை உறைக்குள் போட்டுக்கொண்டு, சரிங்க வாரேனுங்க என்று போய்விடுவாள். அதற்குப் பிறகு மறுபடியும் நான் மட்டும்தான்.

எதிர் வீட்டு அக்கா குடையோடு அவர்கள் கேட்டுக்கு வந்தார். “தண்ணி வந்துருச்சுங்களே, புடிக்கலீங்களா? ஆரு, ஒறம்பரையா வந்திருக்கறது?”

ஆமாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “இல்லீங்கக்கா. மனசு சரியில்லாதவங்களைக் கணக்கெடுக்கறாங்க. எங்க ஊடு வந்திருக்குது. என்ற ஊட்டுக்காரரைக் கேட்டுட்டிருக்கறாங்க,” என்று சொல்லிவிட்டேன்.

அக்கா முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. பெயின்ட் அடிக்காத சமையல்கட்டைப் பற்றி எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஆனால் அவர் அடுத்துக் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

“எங்க ஊட்டுக்கு வரமாட்டாங்களாங்க?”

நான் பதில் சொல்வதற்குள் குடையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். தினமும் அவர் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கியவள் நான், ஒரு நாளும் அவரை நீங்க எப்படி இருக்கறீங்க என்று கேட்டதில்லை.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று பிரித்தறிய முடியவில்லை. கதவுப்பிடியில் கையை வைத்தேன். திறந்துவிடலாம். துண்டு வேணுமுங்களா என்று கேட்கிற மாதிரி எதையாவது கேட்டுக்கொண்டு நுழைந்துவிடலாம். மறுபடி அந்தச் சத்தம். அழுகைதான். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை, அவர் அப்பா செத்தபோதுகூட இல்லை. அந்தப் பெண்ணின் குரல் மெல்ல ஏதோ சொன்னது. அவர் அதற்குப் பதில் சொன்னார். நான் கையை எடுத்துவிட்டேன். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் குழாயைத் திறந்துவிட்டு, டிரம் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் வெளியே வந்தபோது அவளுக்கும் கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஐயா டாக்டரைப் பாக்க ஒத்துக்கிட்டாருங்கம்மா. எங்க டாக்டர் மேடத்துகிட்டப் பேசிட்டேன். இன்னைக்குப் பொழுதோடவே வரச் சொல்லியிருக்காங்க. ஆட்டோ சொல்லீருக்கறேன், நானும் கூட வாரேனுங்க. அதுவரைக்கும் அவரைத் தனியா உடாதீங்க.” குடையை விரித்துக்கொண்டே, “நீங்களும் பாத்துக்கோணுமுங்கம்மா. நெதமும்னு சொன்னீங்களே, அதுக்குந்தான்,” என்றாள்.

“என்ன சொன்னாரு கண்ணு?”

“அதை நான் சொல்லக் கூடாதுங்க. ஐயாவே சொல்றேன்னு சொல்லியிருக்காருங்க.”

ஆட்டோவைப் பார்க்க அவள் தெருமுனைக்குப் போனாள். நான் உள்ளே போனேன். அவர் அதே நாற்காலியில் இருந்தார். முகத்தைத் துடைத்திருந்தார், தாடியில் ஈரம் இருந்தது. “காப்பி வெக்கட்டுங்களா?” என்றேன்.

“அந்தக் கேள்வியை எங்கிட்டயும் கேட்டுது அந்தப் புள்ள,” என்றார். “ஆமான்னு சொல்லிப்போட்டேன்.”

கீழே அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் மாதக்கணக்கில் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. அவர் எதிரில் இருந்தார். மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

“அருவாமனை எதிர் ஊட்ல இருக்கறது எனக்குத் தெரியும்,” என்றார். “நீ நெதமும் பையைத் தூக்கிட்டு ஓடறதைச் சன்னல்ல பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

திருடி மாட்டிக்கொண்டவளைப்போல ஆகிவிட்டது எனக்கு. எழுந்துவிட்டேன். அவரை நம்பாமல் போனேனே என்று அவர் மனம் நொந்திருக்கும் என்று நினைத்தேன்.

“இப்பவே போயி எடுத்துட்டு வந்தர்றேனுங்க,” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். பட்டறைக்குப் போகாமல் மிருதுவாகிப்போயிருந்த கை.

“வேண்டாம் அம்மணி,” என்றார். “இன்னுங் கொஞ்ச நாளைக்கு அது அங்கயே இருக்கட்டும்.”

சரிங்க என்றேன்.